உம்மாவின் காசு எங்கே நின்றது?

சென்ற நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. உம்மும்மாவுக்கு இருதய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். உம்மா அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தம்பலகாமத்திலிருந்து திருகோணமலைக்குப் போனார். ஸ்கேனுக்கு 15,000 ரூபா வேண்டும். கட்டாரிலிருக்கும் வாப்பா அனுப்பிய காசில் 41,000 ரூபா கணக்கில் கிடந்தது. போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று உம்மா அட்டையை மட்டும் கொண்டு போயிருந்தார்.

காசு இயந்திரம் "போதிய மீதி இல்லை" என்றது. வேறொரு வங்கியின் இயந்திரத்திலும் அதே பதில். ஆட்டோவில் உம்மும்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு இருக்க, உம்மா வீதியோரத்தில் நின்று எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மகள், மெசின்ல காசு வரல்ல. நீ போன்ல என்ன அமத்தின? ஒரு சாமானும் வரல்ல, காசு மட்டும் போயிட்டே!"

எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் அமத்தியது நான்தான்.

இரண்டு நாளுக்கு முன்னர், நோன்புக்குத் தேவையான பலசரக்குச் சாமான்களை இணையவழியில் வாங்கலாம் என்று உம்மாவிடம் சொன்னதும், அவரது டெபிட் அட்டையின் இலக்கங்களைப் போட்டதும், வந்த இரகசிய எண்ணை அடித்ததும் நானே. பில் 18,000 ரூபா. அடுத்த நாள் கடைக்காரர்கள், சில பொருட்கள் கையிருப்பில் இல்லை, கட்டளையை ரத்துச் செய்துவிட்டோம், மறுபடி போடுங்கள் என்று செய்தி அனுப்பினார்கள். நானும் சில பொருட்களைக் குறைத்து 15,000 ரூபாவுக்கு மறுபடி போட்டேன். சாமான் மூன்றாம் நாள் வருவதாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 41,000 இல் 15,000 போக 26,000 இருக்க வேண்டும். இருந்ததோ 4,700.

அன்று ஸ்கேன் எடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் கைமாற்று வாங்கி இரண்டு நாள் கழித்து மறுபடி போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், உம்மும்மாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் உம்மா அந்த இரண்டு நாளும் என்னோடு அதிகம் பேசவில்லை. இணையத்தில் யாரோ காசைத் திருடிவிட்டார்கள், அதற்கு வழி திறந்துவிட்டது தன் மகள் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வங்கிக்குப் போனபோது அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காசு எங்கயும் போகல்ல. உங்கட கணக்கிலதான் இருக்கு. ஹோல்ட்ல இருக்கு." உம்மா என்னைப் பார்த்தார். நான் உத்தியோகத்தரைப் பார்த்தேன். கணக்கில் இருக்கும் காசை ஏன் எடுக்க முடியாது என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. நான் விளங்கிக்கொண்டதை என் தோழியருக்கும் அவர்களது பெற்றோருக்கும் சொல்வதற்கே இதை எழுதுகிறேன். இதில் யார் மீது பிழை என்பது பற்றி எனக்கு ஒரு கருத்தும் உண்டு. அதையும் சொல்வேன்.

எமது ஊர் வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிறது. குளம் நிறைந்து கிடப்பதைக் கண்ணால் காணலாம். அதற்காக நினைத்தவர் நினைத்த நேரத்தில் மதகைத் திறக்க முடியுமா? இவ்வளவு தண்ணீர் இந்தப் போகத்துக்கு, இன்ன திகதியிலிருந்து என்று ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்திருப்பார்கள். தண்ணீர் குளத்தை விட்டு இன்னும் போகவில்லை. ஆனால் அதற்கு ஆள் குறித்தாயிற்று. உம்மாவின் கணக்கிலும் அப்படித்தான் நடந்தது. கணக்கில் இருக்கும் தொகை ஒன்று, நாம் எடுக்கக்கூடிய தொகை இன்னொன்று. காசு இயந்திரம் இரண்டாவதைத்தான் பார்க்கிறது.

கடையின் இணையப் பக்கத்தில் நாம் அட்டை இலக்கத்தைப் போட்டு உறுதிசெய்தவுடன் காசு கடைக்குப் போய்விடுவதில்லை. கடை தன் வங்கியூடாக எமது வங்கியிடம் ஒரு கேள்வி கேட்கிறது: "இந்த அட்டை செல்லுபடியானதா? இதில் இவ்வளவு காசு இருக்கிறதா?" எமது வங்கி "இருக்கிறது" என்று பதில் சொல்லி, அந்தத் தொகையை வேறு எவரும் எடுக்காதபடி ஒதுக்கி வைக்கிறது. இதுவே ஹோல்ட். பிடித்து வைத்தல் என்று சொல்லலாம். பிறகு கடையில் சாமான்களை நிறுத்து, பொதி செய்து, உண்மையான பில்லைப் போடுவார்கள். அந்தத் தொகையைக் கடை கேட்கும்போதுதான் காசு உண்மையில் கைமாறுகிறது. மிச்சம் விடுபடுகிறது.

பில்லை விடக் கூடுதலாகப் பிடிப்பது ஏன் என்று கேட்கலாம். எனது முதல் கட்டளை 18,000 ரூபா, பிடித்தது 19,800. இரண்டாவது 15,000 ரூபா, பிடித்தது 16,500. இரண்டிலும் நூற்றுக்குப் பத்து அதிகம். பலசரக்கு வியாபாரத்தின் தன்மையே இதற்குக் காரணம். சந்தையில் ஒரு கிலோ மீன் கேட்டால் வியாபாரி தராசில் போடும் மீன் ஒரு கிலோ நூறு கிராம் நிற்கும். "இருக்கட்டும் தாங்க" என்று அதற்குரிய காசைக் கொடுப்போம். மரக்கறியும் இறைச்சியும் அப்படித்தான். நாம் கேட்ட பால்மா இல்லாவிட்டால் வேறொரு வகை வைப்பார்கள், அதன் விலை கூடலாம். கடை தான் அனுமதி வாங்கிய தொகைக்கு மேலே பின்னர் எடுப்பது சிரமம். அதனால் முதலிலேயே கொஞ்சம் கூட்டிப் பிடித்து வைக்கிறது. புடவையோ புத்தகமோ வாங்கினால் விலை முன்பே நிச்சயம், இந்தக் கூட்டல் தேவைப்படாது.

இனி, கட்டளை ரத்தானால் என்ன நடக்க வேண்டும்? "இந்தக் காசு எனக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று கடை எமது வங்கிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பினால் விரைவிலேயே விடுபடும். அனுப்பாவிட்டால் ஹோல்ட் தன் தவணை முடியும்வரை அப்படியே நிற்கும். எத்தனை நாள் என்பது அட்டை வலையமைப்பின் விதியையும் வங்கியையும் பொறுத்தது. உதாரணமாக மாஸ்டர்கார்ட் விதிகளில் இறுதித் தொகைக்கான அனுமதி 7 நாளும், தொகை மாறக்கூடிய முன் அனுமதி 30 நாள் வரையும் செல்லும். எங்கள் முதல் கட்டளையின் 19,800 ரூபா பிடிபட்டு ஒன்பதாம் நாள்தான் விடுபட்டது. அதுவரை நாங்கள் வாங்காத சாமானுக்கு எங்கள் காசு காவல் இருந்தது.

கடைக்கு நான் தொலைபேசி எடுத்தபோது, காசைத் "திருப்பி அனுப்புவோம்" என்றார்கள். அதுவும் சரியான சொல் அல்ல. திருப்பி அனுப்புவதற்குக் காசு அவர்களிடம் போகவே இல்லை. போன காசு திரும்பி வருவது வேறு, பிடித்த பிடியை விடுவது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் "திருப்பி அனுப்புங்கள்" என்று மன்றாடாமல் "ஹோல்ட்டை விடுவிக்கும் செய்தியை வங்கிக்கு அனுப்பினீர்களா, எப்போது அனுப்பினீர்கள்" என்று கேட்டிருப்பேன்.

இந்த முறை யாரையும் ஏமாற்றுவதற்காக உண்டானதல்ல. அமெரிக்காவில் 1958 ஆம் ஆண்டு பாங்க் ஒஃப் அமெரிக்கா தன் கடனட்டையைத் தொடங்கிய காலத்தில், பெரிய தொகைக்கு யாராவது அட்டையை நீட்டினால் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் அதுவரை நிற்க வேண்டும். அந்த அட்டையே பிற்காலத்தில் வீசா ஆனது. அதைக் கட்டியெழுப்பிய டீ ஹொக் என்பவரின் நிறுவனம் 1973 இல் இந்தக் கேள்வி பதிலைக் கணினிக்கு மாற்றியது. இன்று நாம் விரலால் அமத்தும் ஒரு கணத்தில் அந்தப் பழைய தொலைபேசி உரையாடல்தான் நடக்கிறது.

அது பிறந்தது கடனட்டைக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். கடனட்டையில் பிடிபடுவது வங்கி கடனாகத் தரச் சம்மதித்த எல்லையின் ஒரு பகுதி. 20,000 ரூபா பத்து நாள் பிடிபட்டாலும் அட்டைக்காரரின் சம்பளக் காசு தொடப்படுவதில்லை. டெபிட் அட்டையில் அப்படியல்ல. பிடிபடுவது நாளைக்கு அரிசி வாங்கும் காசு, பிள்ளையின் வகுப்புக் காசு, உம்மும்மாவின் ஸ்கேன் காசு. எமது ஊரில் கடனட்டை வைத்திருப்போர் சிலரே. பெரும்பாலான வீடுகளில் இருப்பது வெளிநாட்டுக் காசோ சம்பளமோ வந்து விழும் ஒரு கணக்கும் அதற்குரிய டெபிட் அட்டையும்தான். வசதி உள்ளவருக்கு உறைக்காத ஒரு முறை, வசதி குறைந்தவர் வீட்டில் அடுப்பைத் தொடுகிறது.

அதற்காக ஹோல்ட் கூடாது என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். காசு இருக்கிறதா என்று தெரியாமல் மீனை வெட்டிப் பொதி செய்து, வாகனம் பிடித்து அனுப்பினால் அவருக்கு நட்டம். எங்கள் சந்திக் கடையில் "கடைசி மா மூடையை எனக்கு எடுத்து வையுங்க நானா" என்று சொன்னால் நானா எடுத்து வைப்பார். நாம் பொருளைப் பிடித்து வைக்கச் சொல்கிறோம், அவர் காசைப் பிடித்து வைக்கச் சொல்கிறார். அதில் நியாயம் உண்டு.

நியாயம் இல்லாதது எது? சொல்லாமல் செய்வது. நான் கட்டளை போட்ட பக்கத்தில் 18,000 ரூபா என்றுதான் இருந்தது. 19,800 பிடிப்போம் என்று அந்த இடத்தில் ஓர் எழுத்தும் இல்லை. பின்னர் தேடியபோது, விதிமுறைகள் என்ற நீண்ட பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி கிடந்தது. வங்கியிலிருந்து உம்மாவின் தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியும் சாமான் வாங்கியாயிற்று என்ற தோரணையில்தான் இருந்தது. பிடித்து வைத்திருக்கிறோம் என்று அதில் இல்லை. அதுவும் ஆங்கிலத்தில். பிறர் காசைக் கையில் வைத்திருப்பதை எங்கள் வீடுகளில் அமானிதம் என்போம். அமானிதமாக ஒன்றை வைத்திருப்பவர், எவ்வளவு வைத்திருக்கிறேன், எப்போது தருவேன் என்று உரியவருக்குச் சொல்ல வேண்டாமா?

சொல்லிச் செய்யும் இடங்களும் இருக்கின்றன. பிரித்தானியாவில் பெற்றோல் பம்பிலேயே அட்டையைப் போட்டு எண்ணெய் அடிப்பவர்களுக்கு ஒரு தொகை முதலில் பிடிபடும், அடித்த அளவு தெரிந்ததும் மிச்சம் விடுபடும். அதைப் பற்றிய அறிவித்தலைப் பம்பருகே காணலாம். இந்தியாவில் பங்கு விண்ணப்பங்களுக்கு 2008 இல் ஒரு முறை வந்தது. முன்பெல்லாம் விண்ணப்பிப்பவரின் காசு கணக்கை விட்டுப் போய், பங்கு கிடைக்காவிட்டால் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். புதிய முறையில் காசு அவரது கணக்கிலேயே பிடித்து வைக்கப்படுகிறது, வட்டியும் அவருக்கே சேர்கிறது. ஆகவே பிடித்து வைத்தல் வாடிக்கையாளருக்கு நன்மையாகவும் அமையலாம். காசு பிடிபடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2019 செப்ரெம்பரில் வேறொரு விதியும் கொண்டுவந்தது. இணையவழியில் அட்டையால் பணம் செலுத்தும்போது கணக்கில் காசு கழிபட்டு, கடைக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 இந்திய ரூபா வீதம் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். அவர் முறைப்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும் கொடுக்க வேண்டும். இது தோல்வியடைந்த கொடுப்பனவுக்கான விதி, எங்களுக்கு நடந்தது போன்ற ரத்தான கட்டளைக்கு அல்ல. ஆனாலும் இதன் அடிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது. தாமதம் யாரால் உண்டாகிறதோ அவர் தலையில் அதன் செலவும் விழ வேண்டும்.

எமது நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை இலங்கை மத்திய வங்கி கொண்டுவந்தது. வங்கிகள் தம் சேவைகளைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும், முறைப்பாடுகளைக் கேட்டுத் தீர்க்கும் ஒழுங்கு வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றின் நோக்கங்களில் அடங்கும். வங்கி தீர்த்து வைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1935. கடையின் மீதான முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. அதன் இலக்கம் 1977. இந்த இரண்டையும் வீட்டு நாட்காட்டியில் எழுதி வைக்கலாம்.

கடைகளிடமும் வங்கிகளிடமும் நான் எதிர்பார்ப்பது பெரிய காரியங்கள் அல்ல. கட்டளையை உறுதிசெய்யும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, எவ்வளவு பிடிப்போம், எத்தனை நாளில் விடுவோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதுங்கள். குறுஞ்செய்தியில் "பிடித்து வைக்கப்பட்டது" என்பதும் "கழிக்கப்பட்டது" என்பதும் வேறு வேறாக இருக்கட்டும். கட்டளையை ரத்துச் செய்யும் அதே நேரத்திலேயே காசை விடும் செய்தியும் போகட்டும். பிடிப்பதற்கு ஒரு கணம் போதுமென்றால் விடுவதற்கு ஒன்பது நாள் எதற்கு?

"இதெல்லாம் எதற்கு, சந்திக் கடையில் காசைக் கொடுத்துச் சாமானை வாங்கினால் போதாதா?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். என் உம்மாவும் அன்று கேட்டார். சந்திக் கடையை விடச் சொல்லி நானும் சொல்லவில்லை. அங்கே கொப்பியில் எழுதி வைத்து மாதமுடிவில் கொடுக்கலாம், எந்த இணையக் கடையும் அதைச் செய்யாது. ஆனால் 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து தருவதன் அருமையை நாடே கண்டது. வாப்பாமார் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்களையும் சிறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தனியே குடும்பம் பார்க்கும் உம்மாமார் எமது ஊரில் எத்தனை பேர்! மூன்று பஸ் ஏறி இறங்காமல் மா, சீனி, பருப்பு வீட்டு வாசலுக்கு வந்தால் அவர்களுக்கு அது பெரிய உதவி. பயத்தினால் அந்த உதவியை விட்டுவிடுவதை விட, விளங்கிக்கொண்டு பயன்படுத்துவது நல்லது.

தோழியரே, இதில் எமக்கு ஒரு தனிப் பொறுப்பும் இருக்கிறது. எமது வீடுகளில் தொலைபேசியில் காசு விடயங்களைச் செய்வது பெரும்பாலும் நாம்தான். உம்மா அட்டையைத் தருவார், இரகசிய எண்ணை வாசித்துக் காட்டுவார், மிச்சத்தை நாம் பார்த்துக்கொள்வோம் என்று நம்புவார். வணிகப் பிரிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைச் செய்து புள்ளி வாங்கும் எனக்கு, என் உம்மாவின் கணக்கில் இருக்கும் தொகைக்கும் எடுக்கக்கூடிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் தெரியவில்லை என்பது வெட்கம்தான்.

ஆகவே நான் இப்போது சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். கட்டளை போடுவதற்கு முன் வங்கிச் செயலியில் எடுக்கக்கூடிய தொகையைப் பார்க்கிறேன். அடுத்த பத்து நாளில் என்ன செலவு வரும் என்று உம்மாவிடம் கேட்கிறேன். அந்தக் காசு தனியே நிற்கும்படி பார்த்துக்கொண்டு, சாமான் பில்லுக்கு மேலே நூற்றுக்குப் பத்தாவது மிச்சம் இருந்தால்தான் அட்டையைப் போடுகிறேன். ஒரு கட்டளை ரத்தானால், அதன் காசு விடுபட்டதைக் கண்ணால் காணும்வரை அடுத்ததை அட்டையால் போடுவதில்லை. சாமான் வந்தபின் காசு கொடுக்கும் வசதி இருந்தால் அதையே எடுக்கிறேன். கட்டளை இலக்கம், தொகை, திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுகிறேன்.

அந்தக் கொப்பி இப்போது சமையலறையில், சந்திக் கடைக் கொப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் உம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த 6,600 இன்னும் பிடியிலதான் கிடக்கா மகள்?" என்று கேட்டார். செயலியைத் திறந்து பார்த்தேன். முதல் நாள்தான் சாமான் வந்திருந்தது. பில் 6,130. மிச்சம் 470 ரூபா விடுபட்டிருந்தது. உம்மா பேனையை எடுத்து அந்த வரியைத் தானே வெட்டிவிட்டார்.